பூச்சி பொட்டுக்கு யார் பொறுப்பு?

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளிக்கு விசித்திரமான ஒரு வேலை கிடைத்தது. கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு, வளர்த்து வைத்த கொசுக்களிடம் கடி வாங்க வேண்டும். கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. கொடுத்தவர் ரொனால்ட் ராஸ். கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே வந்த ராஸ், ஆகஸ்ட் 20 அன்று ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். ஐந்து வருஷத்தில் நோபல் பரிசு வந்தது.

அதே ஆகஸ்டில் லண்டனில் ஒரு சட்டம் நிறைவேறியது: தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதுவரை வேலையில் கை போனாலும் கால் போனாலும் முதலாளியின் தவறு என்று நிரூபித்தால்தான் காசு. புதிய சட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நடந்திருந்தால் போதும்.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. ஆனால் பூச்சிக்கடிக்கு முன்கூட்டியே ரேட் பேசிக் காசு வாங்கிய தொழிலாளி என்று நான் படித்தது ஹுசைன் கான் ஒருவரைப் பற்றித்தான். அவருக்குப் பின்னால் வேலையில் கடிபட்டவர்கள் எல்லாம், கடித்தது வேலையா பூச்சியா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

*

சட்டத்தின் அந்த வரியை நான் சார்ந்த தொழிலின் பாஷையில் சொன்னால், இரண்டு கண்டிஷன்களுக்கு நடுவில் ஓர் 'அண்ட்'. வேலையின்போது நடந்திருக்க வேண்டும். வேலையின் காரணமாகவும் நடந்திருக்க வேண்டும். ஒன்று பொய்யானாலும் மொத்தமும் பொய். பூச்சி வழக்குகள் முதல் கண்டிஷனை அநாயாசமாகத் தாண்டிவிடும். மாட்டிக்கொள்வது இரண்டாவதில்.

1909-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வழக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு வண்டு பறந்து வந்தது. தற்காத்துக்கொள்ளக் கையைத் தூக்கியதில், கை கண்ணில் பட்டுக் காயம். கோர்ட் இழப்பீடு மறுத்தது. வெளிச்சம் இருக்கும் எந்த வீட்டிலும் வண்டு வரும், இதில் வேலைக்கென்று தனி ஆபத்து எதுவும் இல்லை என்பது காரணம். அடுத்த சில வருஷங்களில் ஒரு குளவி வழக்கு. கதிரடிக்கும் எந்திரத்தில் வேலை பார்த்தவரைக் குளவி கொட்டி, ரத்தத்தில் நஞ்சேறி இறந்துபோனார். அதற்கும் அதே தீர்ப்புதான். குளவி யாரையும் கொட்டும்.

இடிக்கு மட்டும் இந்த நியாயம் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. 1904-இல் சாரத்தின்மேல் நின்று வேலை செய்த ஒரு கொத்தனார்மேல் இடி விழுந்தபோது, உயரத்தில் நிறுத்தியது வேலைதான், அதனால் தரையில் நிற்பவரைவிட அவருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லி இழப்பீடு கொடுத்தார்கள். பிறகு 1917-இல் பிரபுக்கள் சபை இன்னும் ஒரு படி போனது. மீன் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை செய்த ஒரு பெண்ணின்மேல், பக்கத்து மனையில் எழுப்பிக்கொண்டிருந்த சுவர் இடிந்து கூரையோடு விழுந்தது. மீனுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் வேண்டாம் என்றது சபை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது வேலை. அந்த இடத்தில்தான் சுவர் விழுந்தது. அது போதும்.

கொட்டகைக்குச் சொன்ன இந்த நியாயத்தைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் அப்படியே எடுத்து வைத்துப் பார்க்கலாம். கூடு இருக்கும் மரத்தடியில் ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியது எது?

*

எங்க ஊர்ப் பக்கம், குஜிலியம்பாறையில், 'பூச்சி பொட்டு' என்று ஒரு சொல் உண்டு. தேளும் அதுதான், பூரானும் அதுதான். ராத்திரி நேரத்தில் பாம்பைப் பெயர் சொல்லக் கூடாது என்பதால் பாம்பும் அதுதான். "பூச்சி பொட்டு இருக்கும், டார்ச்ச எடுத்துட்டுப் போ" என்பார்கள். கடித்தது எது என்று பெயர் சொல்லாமலே ஒரு கடியைப் பேசி முடித்துவிடலாம். பெயர் இல்லாததால் அதற்குப் பொறுப்பாளியும் இல்லை. சுண்ணாம்பு தடவுவது, வேப்பிலை அடித்து மந்திரிப்பது, மறுநாள் வேலைக்குப் போவது.

மழை குறைந்த ஊர். சோளம், கடலை என்று மானாவாரி. அரவக்குறிச்சியை ஒட்டிய பக்கமெல்லாம் முருங்கை. மழை பெய்ததும் முருங்கை மரத்தின் அடியில் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும். தீப்பந்தம் காட்டிக் கருக்குவார்கள். காய் பறிக்கிறவர்களுக்குக் கழுத்திலும் முழங்கையிலும் அந்த முள்மயிர் ஏறித் தடித்துப்போகும். பனையிலும் தென்னையிலும் கதண்டு. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் மலைத்தேனீ.

ஒரு முறை என் அத்தையைக் கதண்டு கொட்டியது. கூலிக்கு முருங்கைக்காய் பறிக்கப் போன தோட்டத்தில், வரப்போரப் புதரை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். அரிவாள் பட்டதும் கூடு கலைந்தது. முகத்திலும் புறங்கையிலும் ஐந்தாறு இடம். நான் லீவில் ஊருக்குப் போனபோது வீக்கம் வடிந்துவிட்டிருந்தது.

"வேலைக்குப் போன எடத்துலதான அத்தே கொட்டுச்சு, தோட்டத்துக்காரர்ட்ட சொல்லலையா?"

"ஏண்டா, கதண்டு கொட்டுனதுக்கு அவுக என்ன பண்ணுவாக? அவுக சொல்லியா கொட்டுச்சு?"

"அன்னைக்குக் கூலி?"

"பாதி நாளுக்குப் போட்டுக் குடுத்தாக."

1909-இல் லண்டன் நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதி வந்து சேர்ந்த இடத்துக்கு அத்தை ஒரே வரியில் வந்துவிட்டார். அந்த வண்டு வழக்கைப் படித்தபோது எனக்கு இதுதான் உறைத்தது. 'அவுக சொல்லியா கொட்டுச்சு' என்பது கேட்பதற்கு மறுக்கமுடியாத நியாயமாக இருக்கிறது. ஆனால் புதரை வெட்டச் சொன்னது அவுகதான். சும்மா இருந்த கூட்டைக் கலைத்தது அந்த வேலைதான். அந்தப் பாதி நாள் கூலியை மட்டும் அத்தை தன் கையிலிருந்து கட்டியிருக்கிறார்.

*

பூச்சி இயற்கை, அது பாட்டுக்கு இருக்கிறது, நாம் போய் மாட்டிக்கொள்கிறோம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். அதற்கு மலாயாவுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டு மானாவாரிப் பூமியிலிருந்து கங்காணிகள் பின்னால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கப்பலேறிப் போன ரப்பர் தோட்டங்களுக்கு.

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901-இல் கிள்ளான் வட்டாரத்துக்கு வந்தார். ராஸின் கண்டுபிடிப்புக்கு அப்போது நாலு வயசு. ஊரைச் சுற்றியிருந்த சதுப்பை வடித்து, காட்டை வெட்டியதும் மலேரியா குறைந்தது. பக்கத்துச் சமவெளித் தோட்டங்களிலும் அப்படியே. காரணம், அங்கே நோயைப் பரப்பிய கொசுவான அனாஃபிலஸ் அம்ப்ரோசஸ் நிழலில் தேங்கிய தண்ணீரில் வளர்வது. நிழல் போனால் அதுவும் போகும்.

அதே வைத்தியத்தை மேட்டுநிலத் தோட்டங்களில் செய்தபோது கதை தலைகீழானது. குன்றுகளில் காட்டை வெட்டி, ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டதும் மலேரியா ஏறியது. அங்கே வந்தது வேறு கொசு: அனாஃபிலஸ் மாக்குலேட்டஸ். அதற்கு வேண்டியது தெளிந்து ஓடும் தண்ணீரும் வெயிலும். ரப்பர் நடுவதற்காக மரத்தை வெட்டிய கை அந்தக் கொசுவுக்கு வீடும் கட்டிக் கொடுத்தது. ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டு, தண்ணீர்மேல் எண்ணெய் தெளித்து, வாட்சன் அதை அடக்க வேண்டியிருந்தது. எந்தக் கொசு என்று பார்த்துத்தான் வைத்தியம் என்ற பாடம் அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. 1911-இல் வாட்சன் எழுதிய புத்தகத்தில் தோட்டம் தோட்டமாக இந்தக் கணக்கு இருக்கிறது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு ஒரு பாடம். மேட்டுநிலத் தோட்டத்தில் அந்தத் தொழிலாளியைக் கடித்த கொசுவை அங்கே அத்தனை பெருக விட்டது அவர் செய்த வேலை. காட்டை வெட்டச் சொன்னவருக்கும் கொசுவுக்கும் நடுவில் ஒரு நேர்கோடு போடலாம். அதை இயற்கை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

மலாயாவிலேயே இன்னொன்றும் நடந்தது. 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தில் ஃப்ளெட்சர், லெஸ்லர் என்ற இருவர், ஒரே மாதிரித் தெரிந்த டைஃபஸ் காய்ச்சலை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று கடைத்தெருவில் இருப்பவர்களுக்கு வருவது. மற்றது புதரிலும் புல்காட்டிலும் வேலை செய்பவர்களுக்கு வருவது. இரண்டாவதுதான் இன்று தமிழ்நாட்டில் மழைக்காலம் வந்தால் பேப்பரில் அடிபடும் ஸ்க்ரப் டைஃபஸ். கடிப்பது பூச்சிகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கடிக்கும்போது வலிக்காது. காய்ச்சல் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் வரும். பலருக்கு அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருந்தழும்பு இருக்கும், அவ்வளவுதான் சாட்சி. நேரத்துக்குக் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் சரியாகிவிடும். விட்டால் ஆளையே கொன்றுவிடும். எந்தத் தேதியில், எந்த வயலில் கடித்தது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

மலாயா வேண்டாம், வால்பாறையே போதும் என்பவர்கள் 'எரியும் பனிக்காடு' படித்திருப்பார்கள். ஆனைமலை எஸ்டேட்டுகளில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் தமிழாக்கினார். 2013-இல் வந்த 'பரதேசி' படத்துக்கு அடிப்படை அதுதான். ஆட்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுவது அந்தக் கதையின் பின்னணி அல்ல, கதையே அதுதான். வால்பாறைக்குப் பக்கத்தில் இன்றும் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன், சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது.

*

இந்தியாவுக்கு இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. 1924 ஜூலை 1 முதல் அமல். லண்டன் சட்டத்தின் அந்த வரி அப்படியே வந்தது. கூடவே ஒரு பட்டியலும் வந்தது: யார் யார் இந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளி என்ற இரண்டாம் அட்டவணை. காலப்போக்கில் நீண்டுகொண்டே போன அந்தப் பட்டியலைப் படிப்பது ஒரு தனி அனுபவம். யானை பிடிக்கும் வேலை இருக்கிறது. பனை மரம் சீவுவது இருக்கிறது. காப்பி, தேயிலை, ரப்பர், சின்கோனா எஸ்டேட்டுகள் இருக்கின்றன. தேனீ வளர்ப்பு இருக்கிறது. விவசாயம் இருக்கிறதா? இருக்கிறது, டிராக்டரோடு. டிராக்டரோ, மின்சாரத்திலோ வேறு விசையிலோ ஓடும் சாதனமோ வைத்துச் செய்கிற விவசாயம்.

அதாவது தேனீ வளர்க்கும் இடத்தில் வேலை செய்பவரைத் தேனீ கொட்டினால் அவர் பட்டியலில் இருக்கிறார். கையால் களை பறிக்கும் பெண்ணை அதே தேனீ கொட்டினால் அவர் பட்டியலில் இல்லை. பனை சீவுகிறவர் பட்டியலில் இருக்கிறார். ஆனால் பாட்டத்துக்கு மரம் எடுத்துத் தானே ஏறுகிறவருக்கு முதலாளி கிடையாது. முதலாளி இல்லாவிட்டால் இழப்பீடு கேட்க ஆளும் இல்லை. எங்க ஊர்ப் பக்கம் கதண்டுக்கு மிக அருகில் போகிற இரண்டு வேலைகள் இவை.

2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தது. வேலைத்தளத்தில் குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும், வேலையால் காயம்பட்டால் இலவச சிகிச்சை, இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 25,000 ரூபாய் அல்லது மத்திய அரசு அறிவிக்கும் தொகை என்று அதன் இணைப்பில் எழுதினார்கள். காயம் என்பதற்கு அங்கேயும் அதே பழைய வாசகம்: வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்து. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அதே வாசகம் தொடர்கிறது. 1897-இல் லண்டனில் எழுதிய வரி இன்னும் நம்மோடு இருக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. இலங்கை மலையகத்தில் 'குளவிக் கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள்' என்ற தலைப்பு பேப்பரில் திரும்பத் திரும்ப வருவது. ஹட்டன், நுவரெலியா பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாகப் போகும்போது, நிழல் மரத்திலோ புதரிலோ இருக்கும் கூடு கலைந்தால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1934-லேயே வந்துவிட்டது. வரிசை போட்டவர் யார், எந்த மலையில் இன்று பறிப்பு என்று முடிவு செய்தவர் யார் என்பதெல்லாம் எஸ்டேட்டில் தெளிவு. அதனால் அங்கே குளவியை விதி என்று விட்டுவிடாமல், கூட்டைக் கண்டுபிடித்து அகற்று என்று நிர்வாகத்திடம் கேட்க முடிகிறது. கேட்கவும் செய்கிறார்கள்.

*

2019 மார்ச்சில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு கொசு வழக்கைத் தீர்த்தது. இது தொழிலாளர் சட்ட வழக்கு இல்லை, இன்ஷூரன்ஸ் வழக்கு. மொசாம்பிக்கில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்த ஓர் இந்தியர் 2012-இல் மலேரியாவில் இறந்தார். வீட்டுக் கடனோடு எடுத்த விபத்துக் காப்பீடு இருந்தது. கொசு கடித்தது எதிர்பாராத விபத்துதான் என்று குடும்பம் சொன்னது. மாவட்ட மன்றம் முதல் தேசிய ஆணையம் வரை நுகர்வோர் மன்றங்கள் ஒப்புக்கொண்டன. உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. மொசாம்பிக்கில் மூன்றில் ஒருவருக்கு மலேரியா வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் கொசு கடித்து மலேரியா வருவதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

விபத்துக் காப்பீட்டின் கணக்குப்படி இது சரியாகவே இருக்கலாம். எதிர்பாராததற்குத்தான் அந்தப் பாலிசி. ஆனால் இதே தர்க்கத்தை வேலைத்தளத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஓர் ஆபத்து எவ்வளவு அதிகமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது விபத்து இல்லை என்று ஆகிவிடும். அபூர்வமாகக் கடித்தால் அது யாருக்கும் நடப்பது, வேலைக்குச் சம்பந்தமில்லை. தினமும் கடித்தால் அது தெரிந்த விஷயம், எதிர்பாராதது இல்லை. 1909-இன் வாதமும் 2019-இன் வாதமும் எதிரெதிர் திசையிலிருந்து வந்து ஒரே கதவைச் சாத்துகின்றன. நடுவில் மாட்டுவது கடிபட்டவர்.

எனக்கு 1917-இன் மீன் கொட்டகைத் தீர்ப்பு பிடித்திருப்பது இதனால்தான். ஆபத்து அபூர்வமா சாதாரணமா என்று அது கேட்கவில்லை. அந்த இடத்தில் உன்னை நிறுத்தியது யார் என்று மட்டும் கேட்டது.

*

ஆனால் எந்த நியாயத்தைக் கேட்பதற்கும் முதலில் ஒரு பதிவு வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு பிரபலமான பூச்சி உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. எந்திரம் தப்பாக ஓடியது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பூச்சியை எடுத்து, லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, நேரத்தோடு எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'பக்' என்ற சொல் அதற்கு முன்பே இருந்தது என்றாலும், கம்ப்யூட்டர் படிக்கிற எல்லோருக்கும் முதல் வருஷத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். ஓர் எந்திரத்துக்குள் பூச்சி போனால் இன்ன நாள், இன்ன நேரம், இன்ன ரிலே என்று எழுதுகிறோம். ஒரு மனுஷியைக் கொட்டினால் 'பூச்சி பொட்டு' என்று முடித்துவிடுகிறோம்.

அதை மாற்றுவதற்குப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். புத்தகம் இருக்கிறது, விபத்துப் பதிவேடு. பைக்கில் விழுந்தவர்கள் எல்லோருக்கும் ஏ.ஆர். காப்பி என்றால் என்னவென்று தெரியும். விஷக்கடிக்கும் அது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கொட்டியபின் மூச்சு இழுத்தாலோ, உதடும் தொண்டையும் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அட்ரினலின் ஊசி இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். போன வருஷம் கொட்டி ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லை, ஒவ்வாமை இடையில் உருவாகிவிடும். ஒரே நேரத்தில் நிறையக் கதண்டு கொட்டினால் சிறுநீரகம் கெட்டுப்போவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சிறுநீர் குறைந்தாலோ நிறம் மாறினாலோ திரும்பவும் போக வேண்டும்.

அங்கே போனதும் டாக்டர் கேட்பார்: எப்படி ஆச்சு? வழக்கமான பதில், "பூச்சி கடிச்சிருச்சு சார்." அந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டினால் போதும். எத்தனை மணிக்கு, யார் தோட்டத்தில், என்ன வேலை செய்யும்போது, எது கொட்டியது. இதைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். இழப்பீடு கிடைக்குமா என்பது அடுத்த பேச்சு. ஒரு வட்டாரத்தில் பத்து வருஷத்துக்கு இந்த நாலு விவரமும் சேர்ந்தால், புதர் வெட்டும் முன் கூடு பார்க்க வேண்டும் என்பதை ஒருவரின் முன்யோசனையாக விடாமல் எல்லோருக்குமான விதியாக ஆக்கலாம். வாட்சன் தோட்டம் தோட்டமாகக் கொசுவை எண்ணி எழுதியதால்தான் ஓடையை மூடச் சொல்ல முடிந்தது.

எங்க பக்கம் ஐப்பசியில் மழை பிடித்ததும் முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறும், வரப்பில் புதர் மண்டும், வெட்ட ஆள் கூப்பிடுவார்கள். போகிறவர்கள் கூலி பேசும்போதே கூடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். ஹுசைன் கான் தன் கடிக்கு முன்கூட்டியே விலை பேசியவர். இவர்கள் கேட்பது அதைவிடக் குறைவு.